காமிட் மெசேஜ், டிக்கெட், இன்சிடென்ட் ரிப்போர்ட்: எந்த ஆங்கிலப் பிழைகளை முதல்ல பிடிக்கணும்?

பின்முனை_அணி:

வணக்கம். டீம் விக்கியில வைக்க ஒரு பக்கக் குறிப்பு தயார் பண்றேன். தமிழ் பேசுற டெவலப்பர்கள் காமிட் மெசேஜ் (கோட் மாத்தத்தோட சேர்த்து எழுதற குறிப்பு), டிக்கெட், இன்சிடென்ட் ரிப்போர்ட் (கோளாறு அறிக்கை) எல்லாம் ஆங்கிலத்துல எழுதும்போது திரும்பத் திரும்ப வர்ற இலக்கணப் பிழைகளும் அதுக்கான திருத்தமும்தான் விஷயம். நாம எழுதறதைப் படிக்கிறவங்க பாதிப்பேர் வேற நாட்டுல இருக்காங்க. அவங்க படிக்கிற நேரத்துல நாம தூங்கிட்டிருப்போம், கூப்பிட்டு விளக்கம் கேட்க முடியாது. எழுத்து மட்டும்தான் அவங்க கையில இருக்கும்.

இணையத்துல கிடைக்கிற பட்டியல் எல்லாமே "இட்ஸ்"ல அபாஸ்ட்ரஃபி எங்க வரும், "தென்" "தேன்" வித்தியாசம் என்னங்கிறதோட நின்னுடுது. அந்த மாதிரிப் பிழையைப் படிக்கிறவரே மனசுக்குள்ள திருத்திக்குவார். எனக்கு வேண்டியது படிக்கிறவர் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு தப்பான வேலையைச் செஞ்சுடக்கூடிய பிழைகள். அதோட, காமிட் மெசேஜ்ல எந்தக் காலம், எர்ரர் மெசேஜை எப்படி எழுதறது, இதுல எவ்வளவு தூரம் டூல் உதவும்னும் தெரிஞ்சவங்க சொல்லுங்க. உதாரணத்தோட சொன்னா அப்படியே விக்கியில சேர்த்துடுவேன்.

---

ரன்புக்_வாசகர்:

முதல் இடம் "ஹேட்"டுக்குத்தான். நம்ம ஊர் ஆங்கிலத்துல நடந்து முடிஞ்ச எதுக்கும் "ஹேட்" போட்டுடுற பழக்கம் இருக்கு. "ஐ ஹேட் டிப்ளாய்டு தி பில்ட் யெஸ்டர்டே"ன்னு நமக்குள்ள பேசிக்கும்போது ஒண்ணும் ஆகாது. ஆனா வெளியில இருக்கிறவருக்கு "ஹேட்"ன்னா, பேச்சுல இருக்கிற இன்னொரு சம்பவத்துக்கு முன்னாடியே இது நடந்து முடிஞ்சிடுச்சுன்னு அர்த்தம். இன்சிடென்ட் ரிப்போர்ட்டோட உயிரே எது முன்னாடி எது பின்னாடிங்கிறதுதான். இதைப் பாருங்க:

"தி அலர்ட் ஃபயர்டு அட் 10:05. வி ஹேட் ரீஸ்டார்ட்டட் தி கேஷ் சர்வர். லேட்டன்சி ஹேட் இன்க்ரீஸ்டு."

எழுதினவர் சொல்ல வந்தது: 10:05க்கு அலர்ட் அடிச்சுது, உடனே கேஷ் சர்வரை ரீஸ்டார்ட் பண்ணோம், அதுக்கப்புறம் லேட்டன்சி (பதில் வர்ற தாமதம்) ஏறிடுச்சு. படிக்கிறவர் எடுத்துக்கிறது: அலர்ட் அடிக்கிறதுக்கு முன்னாடியே யாரோ ரீஸ்டார்ட் பண்ணியிருக்காங்க, லேட்டன்சி ஏறியிருக்கு, அதனாலதான் அலர்ட். மூலகாரணமே தலைகீழாயிடுது. ரிப்போர்ட்டை வச்சு ஆக்‌ஷன் ஐட்டம் போடுறவர், "காரணமில்லாம ரீஸ்டார்ட் பண்ணக்கூடாது"ன்னு ஒரு விதி எழுதிட்டுப் போயிடுவார். உண்மையான காரணம் அப்படியே கிடக்கும்.

திருத்தம் சுலபம். டைம்லைன் பகுதியில சாதாரண இறந்தகாலம் மட்டும் வரட்டும், ஒவ்வொரு வரியும் நேரத்துல தொடங்கட்டும்:

"10:05: தி அலர்ட் ஃபயர்டு."
"10:09: வி ரீஸ்டார்ட்டட் தி கேஷ் சர்வர்."
"10:14: லேட்டன்சி இன்க்ரீஸ்டு."

எழுதி முடிச்சதும் "ஹேட்"னு தேடுங்க. கிடைக்கிற ஒவ்வொரு இடத்துலயும், இது முந்தின வரிக்கு முன்னாடி நடந்ததான்னு கேளுங்க. இல்லைன்னா எடுத்துடுங்க. "ஹேஸ் பீன் ஃபிக்ஸ்டு யெஸ்டர்டே"யும் இதே குடும்பம்தான். நேரம் சொல்லிட்டா "வாஸ் ஃபிக்ஸ்டு யெஸ்டர்டே". ஆனா அது காதுக்குத்தான் உறுத்தும், அர்த்தம் மாறாது. பட்டியல்ல கீழ வைங்க.

அடுத்தது "யூஸ்டு டு". "தி க்ளீனப் ஜாப் யூஸ்டு டு ரன் எவ்ரி ஹவர்"னு எழுதுறவர், அந்த ஜாப் மணிக்கொரு தடவை ஓடும்னு வழக்கத்தைச் சொல்றார். ஆங்கிலத்துல அதுக்கு, முன்னாடி ஓடிட்டிருந்துது, இப்ப ஓடுறதில்லைன்னு அர்த்தம். ரன்புக்ல (சிஸ்டத்தை இயக்குறதுக்கான படிப்படியான கையேடு) இந்த வரியைப் படிச்சிட்டு, ஜாப் நின்னுபோச்சுன்னு நினைச்சு கையால ஓட்டினா, ஒரே நேரத்துல ரெண்டு ஜாப் ஓடும். "தி ஜாப் ரன்ஸ் எவ்ரி ஹவர்"ன்னு நிகழ்காலத்துல எழுதினா போதும்.

மூணாவது சாட்லதான் அதிகம் வரும், ஆனா ரொம்ப ஆபத்தானது. "டிட்'ன்ட் யு ரன் தி மைக்ரேஷன்?"னு கேட்டா, மைக்ரேஷனை (டேட்டாபேஸ் அமைப்பை மாத்துற ஸ்கிரிப்ட்) ஓட்டாதவர் "யெஸ்"னு பதில் போடுவார். தமிழ்ல "மைக்ரேஷன் ஓட்டலையா?"ன்னா "ஆமா, ஓட்டல"ங்கிறது சரியான பதில். ஆங்கிலத்துல "யெஸ்"னா ஓட்டிட்டேன்னு அர்த்தம். கேட்டவர் அடுத்த ஸ்டெப்புக்குப் போயிடுவார். டிப்ளாய்மென்ட் சாட்ல எதிர்மறைக் கேள்வியே வேண்டாம்: "ஹேவ் யு ரன் தி மைக்ரேஷன்?"னு கேளுங்க. பதிலும் ஒத்தை வார்த்தையா இருக்கக்கூடாது: "ஐ ஹேவ் நாட் ரன் இட் யெட்."

"ஆல்"லும் "நாட்"டும் ஒரே வாக்கியத்துல வந்தாலும் இப்படித்தான். "ஆல் டெஸ்ட்ஸ் டிட் நாட் பாஸ்." தமிழ்லயே "எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆகலை"ன்னா ஒண்ணுகூட ஆகலையா, சிலது ஆகலையான்னு தெரியாது, குரலை வச்சுத்தான் புரிஞ்சுக்கிறோம். எழுத்துல குரல் இல்ல. சிலது ஆகலைன்னா "நாட் ஆல் டெஸ்ட்ஸ் பாஸ்டு", எதுவுமே ஆகலைன்னா "நோ டெஸ்ட்ஸ் பாஸ்டு". எண்ணிக்கையைப் போட்டா இன்னும் நல்லது: "14 ஆஃப் 212 டெஸ்ட்ஸ் ஃபெயில்டு."

கடைசியா நேரம். "ஆறு மணிக்குள்ள"ங்கிறதை அப்படியே "வித்தின் 6 பிஎம்"னு எழுதுறோம். "வித்தின்"க்குப் பின்னாடி கால அளவு வரணும்: "வித்தின் டூ அவர்ஸ்". கெடுன்னா "பை 6 பிஎம்". "வரைக்கும்"னா "அன்டில் 6 பிஎம்". "பை"யும் "அன்டில்"லும் மாறினா பொழப்பு கெட்டுடும்: "தி டேட்டாபேஸ் வில் பி டவுன் அன்டில் 6 பிஎம்"னா ஆறு மணிக்கு எழுந்துடும், "பை 6 பிஎம்"னா ஆறு மணிக்குள்ள இறங்கிடும். ரெண்டும் நேர் எதிர். "ரீட்ரை அன்டில் 3 டைம்ஸ்"னும் எழுதாதீங்க, "அப் டு 3 டைம்ஸ்". "ரெண்டு நாளா"வுக்கு "சின்ஸ் 2 டேஸ்" கிடையாது, "ஃபார் 2 டேஸ்". தேதி சொன்னாத்தான் "சின்ஸ்": "சின்ஸ் மண்டே".

---

டாக்ஸ்_மேசை:

மேலே சொன்னவை நடந்ததைச் சொல்லும் எழுத்துக்கு. நடக்க வேண்டியதைச் சொல்லும் எழுத்தில், அதாவது ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வழி) ஆவணம், ரெக்வயர்மென்ட், டிசைன் டாக் போன்றவற்றில், சிக்கல் துணைவினைகளில் இருக்கிறது.

"தி க்ளையன்ட் மே நாட் ரீட்ரை தி ரிக்வெஸ்ட்." இதற்கு இரண்டு பொருள்: க்ளையன்ட் மறுபடி முயலக்கூடாது என்ற தடை ஒன்று, முயலாமலும் போகலாம் என்ற சாத்தியம் இன்னொன்று. தடை என்று படிப்பவர் ரீட்ரை எழுத மாட்டார். சாத்தியம் என்று படிப்பவர் எழுதுவார். இரண்டு டீம்களும் ஆவணத்தின்படிதான் செய்தோம் என்பார்கள், இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். தடை என்றால் "மஸ்ட் நாட்", சாத்தியம் என்றால் "மைட் நாட்", அவசியமில்லை என்றால் "டஸ் நாட் நீட் டு". "மே நாட்" என்ற சேர்க்கையையே விலக்கிவிடுங்கள்.

இணைய நெறிமுறைகளை எழுதுபவர்கள் இதற்குத் தனி விதியே வைத்திருக்கிறார்கள். 1997 மார்ச்சில் ஸ்காட் பிராட்னர் எழுதிய ஆர்எஃப்சி 2119 (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறை ஆவண வரிசை), மஸ்ட், மஸ்ட் நாட், ஷுட், ஷுட் நாட், மே உள்ளிட்ட சொற்களுக்குத் திட்டமான பொருளை வரையறுக்கிறது. அந்தப் பட்டியலில் "மே" உண்டு, "மே நாட்" இல்லை. 2017 மே மாதம் வந்த ஆர்எஃப்சி 8174, முழுப் பெரிய எழுத்தில் எழுதினால் மட்டுமே அந்தச் சிறப்புப் பொருள் என்று தெளிவுபடுத்தியது. உங்கள் ஆவணத்தில் இந்த முறையைப் பின்பற்றுவதானால் முகப்பிலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் அங்கங்கே பெரிய எழுத்தைத் தூவுவது வெறும் கத்தலாகத்தான் படும்.

"ஷுட்" பற்றி ஓர் எச்சரிக்கை. மரியாதைக்காக "தி சர்வர் ஷுட் வேலிடேட் தி டோக்கன்" என்று எழுதிவிடுகிறோம். அங்கே "ஷுட்" என்றால் தக்க காரணம் இருந்தால் விட்டுவிடலாம் என்ற பரிந்துரை. டோக்கன் சரிபார்ப்பது விருப்பத்துக்கு விடுகிற காரியமா? "மஸ்ட்" என்று எழுதுங்கள். இயந்திரத்துக்கு விதி எழுதும்போது பணிவு தேவையில்லை.

அடுத்தது காற்புள்ளி. ஒரு காற்புள்ளியும் ஒரு "விச்"சும் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்த இரண்டு வரிகள்:

"டிலீட் தி பேக்கப்ஸ், விச் ஆர் ஓல்டர் தேன் 30 டேஸ்."
"டிலீட் தி பேக்கப்ஸ் தட் ஆர் ஓல்டர் தேன் 30 டேஸ்."

முதல் வரியின் பொருள்: பேக்கப்புகளை நீக்கு, அவை எல்லாமே 30 நாளுக்கு மேற்பட்டவை. இரண்டாவதன் பொருள்: 30 நாளுக்கு மேற்பட்ட பேக்கப்புகளை மட்டும் நீக்கு. தமிழில் "30 நாளுக்கு மேற்பட்ட" என்ற பெயரெச்சம் பெயருக்கு முன்னால் நின்றுகொள்வதால் இந்த வேறுபாட்டுக்குத் தனி அடையாளம் கிடையாது. அதனால்தான் ஆங்கிலத்தில் எழுதும்போது நம் கண்ணில் படுவதில்லை. தேர்ந்தெடுக்கும் நிபந்தனை என்றால் "தட்", காற்புள்ளி இல்லை. கூடுதல் தகவல் என்றால் காற்புள்ளியோடு "விச்". நீக்கு, மாற்று, நிறுத்து போன்ற கட்டளைகளில் கூடுதல் தகவலைத் தனி வாக்கியமாகவே எழுதிவிடுவது பாதுகாப்பு.

"ஒன்லி" எந்தச் சொல்லைக் கட்டுப்படுத்துகிறதோ அதற்கு நேர் முன்னால் நிற்க வேண்டும். "ஒன்லி அட்மின்ஸ் கேன் டிலீட் லாக்ஸ்" என்றால் மற்றவர்களுக்கு அந்த உரிமை இல்லை. "அட்மின்ஸ் கேன் டிலீட் ஒன்லி லாக்ஸ்" என்றால் அட்மின்கள் வேறெதையும் நீக்க முடியாது. "அட்மின்ஸ் கேன் ஒன்லி டிலீட் லாக்ஸ்" என்று நடுவில் போட்டால், லாக்கை நீக்க மட்டும்தான் முடியும், படிக்க முடியாது என்றும் எடுத்துக்கொள்ளலாம். பெர்மிஷன் விதி எழுதும் இடத்தில் இந்த மூன்றும் மூன்று வேறு இம்ப்ளிமென்டேஷன்.

எழுவாயை விட்டுவிடுவதும் தமிழிலிருந்து வருவதே. "சப்மிட் அமுக்கின பிறகு திருப்பி அனுப்புது" என்றால் எது அனுப்புகிறது என்று வினைமுற்றும் சூழலும் காட்டிவிடும். "ஆஃப்டர் சப்மிட்டிங், ரீடைரக்ட்ஸ் அண்ட் சென்ட்ஸ் டோக்கன்" என்று எழுதினால் பிரௌசரா, சர்வரா, ஆத் (உள்நுழைவைச் சரிபார்க்கும்) சர்வீஸா என்று தெரியாது. பல சர்வீஸ்கள் பேசிக்கொள்ளும் ஆவணத்தில் ஒவ்வொரு வினைக்கும் செய்பவர் பெயர் இருக்க வேண்டும்: "தி பிரௌசர் சென்ட்ஸ் தி டோக்கன் டு தி ஆத் சர்வீஸ்." அடுத்த வாக்கியத்தில் "இட்" என்று எழுதாமல் பெயரையே திரும்பச் சொல்லுங்கள். பத்திரிகைக் கட்டுரையில் திரும்பச் சொன்னால் அலுக்கும், டிசைன் டாக்கில் அலுக்காது.

"திஸ் ஃபங்ஷன் அலௌஸ் டு ரீட் தி ஃபைல்" என்பது உலகம் முழுக்க டெவலப்பர்கள் செய்யும் பிழை. "அலௌ" என்றால் யாரை என்று வேண்டும்: "அலௌஸ் யு டு ரீட்". அல்லது "லெட்ஸ் யு ரீட்". அதைவிட நேராக "திஸ் ஃபங்ஷன் ரீட்ஸ் தி ஃபைல்".

ரன்புக் வாக்கிய நீளத்துக்கு ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக உருவான ஏஎஸ்டி-எஸ்டிஇ100 என்ற எளிய ஆங்கில விதித்தொகுப்பு, செயல்முறை வாக்கியத்துக்கு 20 சொல், விளக்க வாக்கியத்துக்கு 25 சொல் என்று உச்சவரம்பு வைக்கிறது. நம் பிழைகளில் பாதி, நீண்ட வாக்கியத்தின் நடுவில்தான் பிறக்கின்றன.

---

அரைப்புள்ளி:

காமிட் மெசேஜ் பத்தி: ஏவல் வினை. "ஃபிக்ஸ் நல் செக் இன் பேமென்ட் பார்சர்." "ஃபிக்ஸ்டு", "ஃபிக்ஸஸ்", "ஃபிக்ஸிங்" எதுவும் வேண்டாம். இது கிட் (கோட் மாத்தங்களைப் பதிஞ்சு வைக்கிற டூல்) ப்ராஜெக்ட்டோட பேட்ச் அனுப்புற வழிகாட்டியிலயே இருக்கு, லினக்ஸ் கர்னலும் இதையேதான் கேக்குது. கிட் தானா உருவாக்குற "மெர்ஜ் பிராஞ்ச்", "ரிவர்ட்" மெசேஜும் ஏவல்லதான் இருக்கும், அதனால லாக் முழுக்க ஒரே மாதிரி ஓடும். தலைப்பு வரி 50 எழுத்துக்குள்ள, முடிவுல முற்றுப்புள்ளி இல்லாம. அப்புறம் ஒரு வெத்து வரி. அது இல்லைன்னா தலைப்பும் விளக்கமும் ஒண்ணா ஒட்டிக்கும். விளக்கத்தை 72 எழுத்துல மடிங்க. கிட் லாக் இடதுபக்கம் 4 இடம் விட்டுக் காட்டும், வலதுபக்கமும் அதே 4 விட்டா 80 எழுத்து அகல டெர்மினல்ல சரியா உக்காரும்.

ஏவல் தலைப்புக்கு மட்டும்தான். விளக்கத்துல, மாத்தறதுக்கு முன்னாடி கோடு எப்படி இருந்ததுங்கிறதை நிகழ்காலத்துல சொல்லுங்க: "தி பார்சர் க்ராஷஸ் வென் தி அமௌன்ட் இஸ் எம்ப்டி." இங்க பல பேர் "வாஸ் க்ராஷிங்"னு எழுதுவாங்க, அப்ப எந்த வெர்ஷன்ல, இப்ப சரியாயிடுச்சாங்கிற கேள்வி வரும்.

டாக்ஸ்ட்ரிங்ல (கோடுல ஃபங்ஷனோட சேர்த்து எழுதற விளக்கம்) ஒரே விதி எல்லா மொழிக்கும் செல்லாது. பைத்தான்ல பெப் 257ங்கிற நடைவிதி, "ரிட்டர்ன் தி பாத்"னு ஏவல்ல எழுதச் சொல்லுது, "ரிட்டர்ன்ஸ்"னு வேண்டாம்னு சொல்லுது. ஜாவாடாக் வழிகாட்டி இதுக்கு நேர் எதிர்: "கெட்ஸ் தி லேபிள்". கோ மொழியில ஃபங்ஷன் பேர்ல தொடங்குற முழு வாக்கியம். ரிவ்யூல ஒருத்தர் "எஸ்" சேர்க்கச் சொல்லி இன்னொருத்தர் எடுக்கச் சொன்னா, யார் எந்த மொழிப் பழக்கத்துல இருந்து பேசறாங்கன்னு பாருங்க.

எர்ரர் மெசேஜ்ல நம்மாளுங்க அதிகம் சறுக்குற இடம் "டஸ்", "டிட்", "குட்". இந்த மூணுக்கும் பின்னாடி வினையோட அடிவடிவம்தான் வரும். "ஃபைல் டஸ் நாட் எக்சிஸ்ட்ஸ்" தப்பு, "எக்சிஸ்ட்" சரி. "குட் நாட் ஃபவுண்ட்" தப்பு, "குட் நாட் ஃபைண்ட்" சரி. "டிட் யு ரீஸ்டார்ட்டட்" தப்பு. காரணம் எளிசு: காலத்தையும் "எஸ்"ஸையும் "டஸ்", "டிட்" ஏற்கெனவே தூக்கிக்கிட்டுப் போயிடுச்சு, வினை வெறும் கையோட நிக்கணும். அர்த்தம் மாறாதுதான், ஆனா எர்ரர் மெசேஜ் லாக்ல பதியுது, மானிட்டரிங்ல அதை வச்சு ஃபில்டர் போடுறாங்க. ஒரு ஃபைல்ல "எக்சிஸ்ட்ஸ்", இன்னொண்ணுல "எக்சிஸ்ட்"னு இருந்தா பாதி எர்ரர் அலர்ட்ல மாட்டாது.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல் ஆவணத்துல எர்ரர் மெசேஜுக்குன்னே ஒரு நடைக்கையேடு இருக்கு, உங்க விக்கியில அதோட சாரத்தைச் சேருங்க. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விதி: இப்ப முடியல, ஆனா சரிபண்ணிட்டு மறுபடி முயன்றா முடியலாம்னா "குட் நாட் ஓப்பன் ஃபைல்". எப்பவுமே முடியாதுன்னா "கேனாட் ஓப்பன் ஃபைல்". டிஸ்க் நிறைஞ்சிருந்தா "குட் நாட்", அந்த வசதியே கிடையாதுன்னா "கேனாட்". படிக்கிறவருக்கு ரீட்ரை பண்ணலாமா வேண்டாமாங்கிறது வினையிலயே கிடைச்சுடுது. முதன்மை மெசேஜை சின்ன எழுத்துல தொடங்கி முற்றுப்புள்ளி இல்லாம முடிக்கச் சொல்லுது. விவரமும் ஹின்ட்டும் முழு வாக்கியமா, முற்றுப்புள்ளியோட.

வினையும் பெயரும் குழம்புற சொற்கள்: செட்டப், லாகின், பேக்கப், ரோல்பேக், ஃபால்பேக், ஷட்டவுன், செக்கவுட். சேர்த்து எழுதினா பெயர், பிரிச்சு எழுதினா வினை. "ரோல் பேக் தி ரிலீஸ்"னு பிரிச்சு, "தி ரோல்பேக் ஃபெயில்டு"னு சேர்த்து. சோதனை: முன்னாடி "டு" வந்தாலோ, இறந்தகாலத்துக்கு மாத்த முடிஞ்சாலோ பிரிக்கணும். "ரோல்டு பேக்"னு சொல்றோம், "ரோல்பேக்டு"னு யாரும் சொல்றதில்லையே.

பன்மை: "கோட்"டுக்கு "எஸ்" போட்டா பொருளே வேற. "ஐ ரிமூவ்டு சம் கோட்ஸ்"னு படிக்கிறவர் எர்ரர் கோடுகளையோ கூப்பன் கோடுகளையோ எடுத்துட்டீங்கன்னு நினைப்பார். ப்ரோகிராம்னா "சம் கோட்". சாஃப்ட்வேர், ஹார்ட்வேர், ஃபீட்பேக், இன்ஃபர்மேஷன், டாக்குமென்டேஷன் எதுக்கும் "எஸ்" கிடையாது. "ஒன் ஆஃப் தி"க்குப் பின்னாடி பன்மை வந்தே ஆகணும்: "ஒன் ஆஃப் தி சர்வர்ஸ் இஸ் டவுன்".

ஒரே ஒரு இடத்துல மட்டும் ஸ்பெல்லிங்கை உயிர்போற விஷயமா எடுத்துக்கங்க: வெளியில தெரியிற பேர்கள். ஏபிஐ ஃபீல்டு, டேபிள் நெடுவரிசை, ஹெடர், ஈனம் (நிலையான மதிப்புகளோட பட்டியல்). எந்தப் பக்கத்துல இருந்து வர்றாங்கன்னு சர்வருக்குச் சொல்ற, எச்டிடிபியோட "ரெஃபரர்" ஹெடர்ல நடுவுல ரெண்டு ஆர் வரணும், ஒண்ணுதான் இருக்கு. அந்தப் பிழை 1996ல ஆர்எஃப்சி 1945ல அப்படியே பதிவாச்சு, இன்னிக்கு வரைக்கும் எல்லா பிரௌசரும் அதே பிழையோடதான் அனுப்புது. பின்னாடி வந்த "ரெஃபரர்-பாலிசி" ஹெடர்லயும், ஜாவாஸ்கிரிப்ட்ல டாக்குமென்ட்டோட "ரெஃபரர்" ப்ராப்பர்ட்டிலயும் சரியான ஸ்பெல்லிங். அதனால ரெண்டையும் தனித்தனியா நினைவு வச்சுக்க வேண்டியிருக்கு. ஆவணத்துல இருக்கிற பிழையை நாளைக்குத் திருத்தலாம். பத்து க்ளையன்ட் பயன்படுத்துற ஃபீல்டு பேரைத் திருத்தணும்னா வெர்ஷன் மாத்தணும்.

---

பின்முனை_அணி:

மூணு பேருக்கும் மனமார்ந்த நன்றி. "மே நாட்"டும் "ஹேட்"டும் இவ்வளவு தூரம் போகும்னு யோசிக்கவே இல்ல. இன்னும் மூணு கேள்வி. ஒண்ணு, "எ", "அன்", "தி": தமிழ்ல இது இல்லாததால எல்லாருக்கும் திணறல். ரெண்டு, "ஐ ஹேவ் எ டவுட்", "ப்ளீஸ் ரிவர்ட்", "டு தி நீட்ஃபுல்" இதெல்லாம் தடை பண்ணலாமா? மூணு, டூல்.

---

வெள்ளைப்பலகை:

"எ"வா "அன்"னாங்கிறதுக்கு நமக்கு வசதியான ஒரு வழி இருக்கு. அந்தச் சொல்லைத் தமிழ்ல எழுதிப் பாருங்க. உயிரெழுத்துல தொடங்கினா "அன்", உயிர்மெய்யில தொடங்கினா "எ". எச்டிடிபி, எஸ்எஸ்எச், எக்ஸ்எம்எல், ஐபி, ஏபிஐ, எல்ஆர்யூ எல்லாம் உயிரெழுத்துல தொடங்குது: "அன் எஸ்எஸ்எச் கீ". யூஆர்எல், யூஐ, யூசர், யுனிக் எல்லாம் "ய"வுல: "எ யூஆர்எல்", "எ யூனிக் கீ". ஆங்கில எழுத்தைப் பார்த்து முடிவு பண்றவங்கதான் "அன் யூசர்"னும் "எ எச்டிடிபி ரிக்வெஸ்ட்"னும் எழுதுறாங்க. முடிவு பண்றது ஒலி.

இந்த வழி ஏமாத்துற இடம் ரெண்டு. "ஒன்"னு தமிழ்ல எழுதினாலும் ஆங்கில ஒலி "வன்", அதனால "எ ஒன்-டைம் பாஸ்வேர்டு". "ஹவர்"னு எழுதினாலும் "எச்" ஒலிக்காது, அதனால "அன் ஹவர்லி ஜாப்". எஸ்க்யூஎல் மட்டும் ரெண்டு விதம்: எழுத்தெழுத்தாப் படிச்சா "அன்", "சீக்குவல்"னு படிச்சா "எ". டீம்ல ஒண்ணை முடிவு பண்ணி எல்லாரும் அதையே எழுதுங்க.

"தி" பத்தி முழு இலக்கணமும் விக்கியில போடாதீங்க, யாரும் படிக்க மாட்டாங்க. ஒரே கேள்வி போதும்: எதுன்னு படிக்கிறவருக்குத் தெரியுமா? முதல் தடவை சொல்லும்போது தெரியாது: "கிரியேட் எ கான்ஃபிக் ஃபைல்". அடுத்த வரியில தெரியும்: "காப்பி தி கான்ஃபிக் ஃபைல் டு தி சர்வர்". ரெண்டாவது வரியிலும் "எ" போட்டா, எதாவது ஒரு ஃபைலை எதாவது ஒரு சர்வருக்குன்னு ஆயிடும். அதே மாதிரி "டிலீட் டெம்ப் ஃபைல்ஸ்"னா பொதுவா எல்லா டெம்ப் ஃபைலும், "டிலீட் தி டெம்ப் ஃபைல்ஸ்"னா மேல சொன்ன அந்த ஃபைல்கள் மட்டும். கமிட் தலைப்புலயும் பட்டன்லயும் ஆர்ட்டிகிளை விட்டுடலாம், அது ஆங்கிலத்துலயே வழக்கம். ரன்புக்ல விடாதீங்க.

---

டாக்ஸ்_மேசை:

"டவுட்" விஷயத்தில் தடை வேண்டாம் என்பது என் கருத்து. இந்திய ஆங்கிலம் ஒரு வழக்கு, அதைப் பிழைப் பட்டியலில் சேர்ப்பது நியாயமில்லை. ஆனால் வெளிநாட்டு ரிவ்யூவருக்கு "ஐ ஹேவ் எ டவுட் அபௌட் யுவர் டிசைன்" என்பது "உங்கள் டிசைன் மேல் எனக்கு நம்பிக்கையில்லை" என்று கேட்கும். அவர் தற்காத்துக்கொண்டு பதில் எழுதுவார், நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை வராது. அதனால் வெளியே போகும் இடத்தில் "க்வெஸ்டியன்" என்று மாற்றுங்கள், உள்ளே எப்படியும் இருக்கட்டும்.

"ரிவர்ட்" மட்டும் விதிவிலக்கு, அதை உள்ளேயும் நிறுத்த வேண்டும். புல் ரிக்வெஸ்ட்டில் (கோட் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) "ப்ளீஸ் ரிவர்ட்" என்று எழுதினால், பதில் போடுங்கள் என்று நீங்கள் நினைப்பீர்கள். கிட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே வேலைதான், காமிட்டைத் திருப்பிப் போடுவது. "ப்ளீஸ் ரிப்ளை" என்று எழுதுங்கள். "டு தி நீட்ஃபுல்" இலக்கணப்படி தவறில்லை, தகவல்தான் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதினால் அதற்கு இடமே இருக்காது: "ப்ளீஸ் மெர்ஜ் திஸ் பை தர்ஸ்டே."

---

அரைப்புள்ளி:

டூல்னா மூணு அடுக்கு வைங்க.

அடி அடுக்கு கோட்ஸ்பெல். முழு அகராதியை வச்சுப் பார்க்காது, வழக்கமா வர்ற எழுத்துப்பிழைகளோட பட்டியலை வச்சுத்தான் பார்க்கும். அதனால வேரியபிள் பேருக்கெல்லாம் கத்தாது. ப்ரீ-காமிட் ஹூக்ல (காமிட்டுக்கு முன்னாடி தானா ஓடுற சோதனை) போடலாம். டபிள்யூ ஆப்ஷன் கொடுத்தா தானே திருத்தி எழுதிடும், ஆனா அதை சிஐல (பில்டும் டெஸ்ட்டும் தானா ஓடுற இடம்) போடாதீங்க. எழுத்துப்பிழையோடவே வெளியில போயிட்ட ஃபீல்டு பேரை அது "திருத்தி" ஏபிஐயை உடைச்சுடும். அந்தப் பேர்களை விலக்குப் பட்டியல்ல சேர்த்துடுங்க.

நடுவுல வேய்ல்னு ஒரு லின்ட்டர் (விதி வச்சு எழுத்தைச் சோதிக்கிற டூல்). விதிகளை யாமல் ஃபைல்ல நாமளே எழுதலாம், இந்த இழையில சொன்னதுல பாதியை இங்க விதியாக்கலாம். "மே நாட்", "யூஸ்டு டு", "அலௌஸ் டு", "டஸ் நாட் எக்சிஸ்ட்ஸ்" நாலையும் ஒரு "எக்சிஸ்டென்ஸ்" வகை (அந்தச் சொல் வந்தாலே எச்சரிக்கிற) விதியில போடுங்க. "ஹேட்"டுக்குத் தனி விதி, அதை இன்சிடென்ட் ரிப்போர்ட் ஃபோல்டருக்கு மட்டும் பொருந்துற மாதிரி கான்ஃபிக்ல க்ளாப் பேட்டர்ன் (ஃபைல் பேரைப் பொருத்துற வடிவம்) வச்சுக் கட்டுங்க. மத்த ஆவணங்கள்ல "ஹேட்" சரியான இடத்துலயும் வரும். எல்லாத்தையும் "வார்னிங்" மட்டத்துல வைங்க. "எர்ரர்"னு வச்சு பில்டை நிறுத்தினா, ரெண்டு வாரத்துல யாராவது விதியையே எடுத்துடுவாங்க. ஒரு சங்கடம்: "இஸ் யூஸ்டு டு பார்ஸ் தி ஃபைல்" மாதிரி, பயன்படுதுங்கிற பொருள்ல வர்றதையும் அந்த விதி பிடிக்கும். அதுக்கு முன்னாடி "இஸ்", "ஆர்", "பி" வந்தா விட்டுடுற மாதிரி ரெஜெக்ஸ் (எழுத்தைத் தேடுற வடிவம்) எழுதணும்.

மேல அடுக்குல லாங்குவேஜ்டூல்ங்கிற இலக்கணச் சோதனை டூல். ஓப்பன் சோர்ஸ், சொந்த மெஷின்லயே சர்வரா ஓட்டலாம், அதனால உள் ஆவணம் வெளியில போகாது. ஆர்ட்டிகிள், "டிட்"டுக்குப் பின்னாடி வினை, ஒருமை பன்மை இதையெல்லாம் ஓரளவு நல்லாவே பிடிக்கும்.

"விச்"சுக்கு முன்னாடி காற்புள்ளி வேணுமா, "ஒன்லி" எங்க வரணும்னு எந்த டூலும் உறுதியாச் சொல்லாது. நீங்க என்ன நினைச்சீங்கன்னு அதுக்குத் தெரியாது. அதை ரிவ்யூவர்தான் பார்க்கணும். ரிவ்யூல மொழிக் குறிப்பு எழுதும்போது, அர்த்தம் மாறுதுன்னா "இதை இப்படியும் படிக்கலாம்"னு ரெண்டு வாசிப்பையும் எழுதிக் கேளுங்க. அர்த்தம் மாறலைன்னா கமென்ட்டே வேண்டாம், சஜஷன் வசதியில திருத்தமா மட்டும் போட்டுட்டு அப்ரூவ் பண்ணிடுங்க. ஆர்ட்டிகிள் விட்டுப்போனதுக்காக மெர்ஜை நிறுத்தி வைக்காதீங்க. அடுத்த தடவை அவர் விளக்கமே எழுதாம தலைப்பு மட்டும் போட்டு அனுப்புவார்.